கம்போங் கிளாமிலிருந்து நொம்பென் வரை: ஒரு வெளியுறவுக் கொள்கையின் விலை

சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தையை விட்டு வடக்கே சற்றுத் தூரம் நடந்தால் ஃபேரர் பார்க் வந்துவிடும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் முஸ்தபா கடைத்தொகுதியும் எம்ஆர்டி நிலையமும்தான் பலருக்கு நினைவு வரும். சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, அந்தத் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரட்டி நிறுத்தப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஃபுஜிவாரா இந்திய விடுதலையைப் பற்றிப் பேசினார். அடுத்து கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தத் திடலிலிருந்துதான் வேகம் பிடிக்கிறது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் தமிழ்ப் பெண்களும் அவர் பின்னால் திரண்டனர். அதே ஆண்டில், அதே ஜப்பான், மலாயாத் தமிழர்களை ரயிலேற்றிச் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. வல்லரசுகளின் போட்டி என்பது எங்கோ நடக்கும் விஷயம் என்று இந்த வட்டாரத்துத் தமிழர்கள் நினைக்க முடியாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் போஸின் படையிலும் இன்னொருவர் ரயில்பாதையிலும் இருந்ததுண்டு.

ஃபேரர் பார்க்கிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் கம்போங் கிளாம். 1959 முதல் 1988 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் திரு எஸ். ராஜரத்தினம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரும் அவரே. 1915 பிப்ரவரி 25ஆம் தேதி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகச் சிரம்பானுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் பிறப்பதற்குச் சரியாகப் பத்து நாள் முன்புதான் சிங்கப்பூரில் அலெக்சாண்டிரா முகாமில் இந்தியச் சிப்பாய்க் கலகம் வெடித்தது. இது தற்செயல்தான். ஆனாலும் பிறர் போரில் இந்தியர்கள் ரத்தம் சிந்திய ஊரில், யாருடைய போரிலும் சிக்காத ஒரு கொள்கையை வகுக்கும் வேலை அந்தக் குழந்தைக்கே பின்னாளில் வாய்த்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

எதிரியும் இல்லை, நண்பனும் இல்லை

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் வெளியுறவு அமைச்சே கிடையாது. அமைச்சர் மட்டும் இருந்தார். செப்டம்பர் 21ஆம் தேதி ஐநாவில் 117வது உறுப்பு நாடாக இடம் கிடைத்தது. படை வேண்டுமே? பிரதமர் லீ குவான் இயூ முதலில் கேட்டது இந்தியாவிடம். ராணுவ ஆலோசகரை அனுப்பித் தருமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு எழுதினார். எகிப்து அதிபர் நாசரிடமும் கேட்டார். வாழ்த்து வந்தது, ஆள் வரவில்லை. கடைசியில் இஸ்ரேலியர்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்து முஸ்லிம் நாடுகளின் கோபத்துக்கு அஞ்சி அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று அழைத்ததாம் அரசாங்கம். இந்தியா அன்று சரி என்று சொல்லியிருந்தால் இவ்வட்டாரத்தின் வரலாறே சற்று வேறு மாதிரி அமைந்திருக்கும்.

அமெரிக்காவுடனும் தொடக்கம் இனிமையாக இல்லை. சிஐஏ உளவாளி ஒருவர் சிங்கப்பூர் உளவுப் பிரிவு அதிகாரியை விலைக்கு வாங்கப் பார்த்துப் பிடிபட்டார். விவகாரத்தை மூடி மறைக்க 3.3 மில்லியன் அமெரிக்க டாலர் தர முன்வந்தார்கள். பொருளியல் உதவியாக அதைப்போல் பத்து மடங்கு வேண்டும் என்றது சிங்கப்பூர். 1965இல் லீ இதைப் பகிரங்கப்படுத்தியதும் அமெரிக்கா மறுத்தது. உடனே வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் 1961இல் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை அவர் எடுத்துக் காட்டினார். அதோடு மறுப்பு நின்றது.

ஆனால் 1968 ஜனவரியில் நிலைமை மாறியது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை 1971 இறுதிக்குள் திரும்பப் பெறுவதாக பிரிட்டன் அறிவித்தது. பிரிட்டிஷ் தளங்கள் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. செம்பாவாங் கடற்படைத் தளத்தை நம்பி எத்தனையோ தமிழ், மலையாளக் குடும்பங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் கப்பலேறி ஊர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள். வியட்னாமில் அமெரிக்கா தொடர்ந்து போரிடுவது நமக்கு அவகாசம் வாங்கித் தருகிறது என்று சிங்கப்பூர்த் தலைவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த அவகாசத்தின் விலையை வியட்னாமியர்கள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்போடியாவின் இருக்கை

ராஜரத்தினத்தின் கொள்கைக்கு வந்த மிகக் கடுமையான சோதனை கம்போடியா. இன்றும் அது ஆறாத விவகாரம்.

1975 ஏப்ரல் 17ஆம் தேதி கெமர் ரூஜ் படையினர் நொம்பென் நகருக்குள் நுழைந்தனர். அடுத்த நாலாண்டுக்குள் ஏறத்தாழ 1.7 மில்லியன் மக்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர். 1978 டிசம்பர் 25ஆம் தேதி வியட்னாம் படையெடுத்தது. 1979 ஜனவரி 7ஆம் தேதி போல் போட் ஆட்சி ஓடியது. ஹெங் சம்ரின் தலைமையில் புதிய அரசு அமைந்தது. அடுத்த மாதமே சீனா வியட்னாம் மீது பாய்ந்தது. வியட்னாமுக்குப் பின்னால் சோவியத் ஒன்றியம், கெமர் ரூஜுக்குப் பின்னால் சீனா, சீனாவுடன் புதிதாகக் கைகுலுக்கிய அமெரிக்கா என மூன்று வல்லரசுகளின் கணக்கும் ஒரு ஏழை நாட்டின் நெல்வயலில் வந்து நின்றது.

படையெடுப்புக்குச் சில வாரம் முன்புதான் வியட்னாம் பிரதமர் பாம் வான் டோங் அக்டோபரிலும் சீனாவின் டெங் சியாவ்பிங் நவம்பரிலும் சிங்கப்பூருக்கு வந்து போயிருந்தார்கள். இருவரும் தத்தம் பக்கம் நியாயத்தைச் சொன்னார்கள்.

ராஜரத்தினத்தின் வாதம் சுருக்கமானது. ஒரு நாட்டின் ஆட்சி எவ்வளவு கொடியதாக இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பெரியவன் படையோடு வந்து அதை மாற்றி அமைப்பதை ஒப்புக்கொண்டால், நாளை சிங்கப்பூருக்கும் அதே கதி வரலாம். அண்டை நாடுகள் இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஒரு சிறு தீவின் அமைச்சர் வேறென்ன சொல்ல முடியும்? 1965இல் ஆர்ச்சர்ட் சாலை மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியக் கடற்படையினர் வைத்த குண்டுக்கு மூவர் பலியானதை இந்த ஊர் மறந்திருக்கவில்லை.

ஆசியான் நாடுகளைத் திரட்டி ஐநாவில் சிங்கப்பூர் முன்னின்றது. தூதர் டோமி கோ ஓய்வின்றி வேலை செய்தார். 1979 நவம்பர் 14ஆம் தேதி வெளிநாட்டுப் படைகள் கம்போடியாவை விட்டு வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 91 நாடுகள் ஆதரவு, 21 எதிர்ப்பு, 29 நடுநிலை. பத்தாண்டு காலம் ஆண்டுதோறும் இந்த வாக்குக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு நகர நாடு சோவியத் முகாமை மேடை மேடையாக எதிர்கொண்டு வென்றது என்றால், சாதனைதான்.

சரி, அந்தச் சாதனையின் மறுபக்கம்? தீர்மானத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் போனது. ஐநாவில் கம்போடியாவின் இருக்கையில் அமர்ந்திருந்தது போல் போட் அரசின் பிரதிநிதி. 1979 செப்டம்பரில் அந்த இருக்கை அவர்களுக்கே என்று 71 நாடுகள் வாக்களித்தன. சிங்கப்பூரும் அவற்றில் ஒன்று. மக்களைக் கொன்றவர்களே மக்களின் பெயரால் உலக மன்றத்தில் பேசினார்கள். இந்தச் சங்கடத்தைக் குறைக்கத்தான் இளவரசர் சிஹானூக், சோன் சான், கெமர் ரூஜின் கியூ சம்பான் ஆகிய மூவரையும் 1981 செப்டம்பரில் சிங்கப்பூருக்கு வரவழைத்துப் பேச வைத்தார்கள். 1982 ஜூனில் கோலாலம்பூரில் கூட்டணி அரசு உருவானது. கம்யூனிஸ்ட் அல்லாத இரு பிரிவினருக்கும் சிங்கப்பூர் ஆயுதம் அனுப்பியது பற்றி லீ குவான் இயூ பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளிலேயே எழுதினார்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 1979 செப்டம்பரில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாடு கம்போடிய இருக்கையைக் காலியாக விட்டது. கொலைகாரர்களுக்கும் இடமில்லை, படையெடுத்தவர்கள் அமர்த்தியவர்களுக்கும் இடமில்லை. கூட்டத்தை கியூபா கையாண்ட விதத்தை ராஜரத்தினம் கடுமையாகச் சாடினார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் காலி இருக்கை என்ற யோசனை அவர் சொன்ன கொள்கைக்கு எந்த வகையிலும் முரணானதல்ல. இன்று காலியாக்கினால் நாளை ஹெங் சம்ரினை உட்கார வைத்துவிடுவார்கள் என்ற அச்சம்தான் தடுத்தது. 1983 மார்ச்சில் புதுடில்லி அணிசேரா மாநாட்டிலும் இருக்கை காலியாகவே இருந்தது; யாரும் அதில் நுழைந்து உட்கார்ந்துவிடவில்லை. அந்த அச்சம் அளவு மீறியது என்று இப்போது சொல்லலாம்.

1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசாங்கம் ஹெங் சம்ரின் அரசை அங்கீகரித்தது. ஆசியான் நாடுகளில் சிங்கப்பூர்தான் இதற்கு உரக்கக் குரல் கொடுத்தது. இந்தியா சோவியத் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. பத்தாண்டு காலம் உறவு குளிர்ந்தே கிடந்தது. இந்தப் பிணக்கில் சிங்கப்பூர்த் தரப்பை நடத்தியவர்கள் யார் என்று பாருங்கள். வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம். 1980இல் அவருக்குப் பின் வந்தவர் திரு எஸ். தனபாலன். அமைச்சின் நிரந்தரச் செயலாளர் திரு எஸ்.ஆர். நாதன். மூவரும் தமிழர்கள். பின்னாளில் ஜெயகுமார், சண்முகம், 2015 முதல் விவியன் பாலகிருஷ்ணன் என்று, சிங்கப்பூர் கண்ட ஏழு வெளியுறவு அமைச்சர்களில் ஐவர் தமிழ்ப் பின்னணி கொண்டவர்கள். ரத்தபாசம் வெளியுறவுக் கொள்கையை எழுதும் என்று எண்ணுவோருக்கு இந்த வரலாறு ஏமாற்றமாக இருக்கும்.

கேள்வி கேட்க ஆளில்லாத மன்றம்

1979இல் இம்முடிவுகள் எடுக்கப்பட்டபோது சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பாரிசான் சோசலிஸ் உறுப்பினர்கள் 1966இல் வெளியேறினார்கள். 1968 தேர்தலில் எல்லா இடங்களும் மக்கள் செயல் கட்சிக்கே போயின. இருக்கை விவகாரம் சரியா என்று கேட்டிருக்க வேண்டிய நாற்காலிகள் சொந்த மன்றத்திலேயே காலியாகக் கிடந்தன.

ஏட்டிலும் கேள்வி குறைந்திருந்தது. 1971 மே மாதத்தில் நன்யாங் சியாங் பாவ் நாளிதழின் நிர்வாகிகள் கைதானார்கள். வெளிநாட்டுப் பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஈஸ்டர்ன் சன் நின்றுபோனது. சிங்கப்பூர் ஹெரால்டின் உரிமம் ரத்தானது. பனிப்போர்க் காலத்தில் வல்லரசுகள் பத்திரிகைகளுக்குப் பணம் கொடுத்தது கட்டுக்கதை இல்லை. ஆனாலும் மலாயன் டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் ஏடுகளில் எழுதிக் காலனி அரசின் கோபத்தைச் சம்பாதித்த ஒரு பத்திரிகையாளர் அங்கம் வகித்த அமைச்சரவையின் முடிவு இது என்பது நெருடுகிறது. எந்த அந்நியத் தலையீட்டை எதிர்த்து வெளியில் குரல் எழுந்ததோ, அதே அந்நியத் தலையீடு என்ற காரணம் உள்ளே குரலை அடக்கவும் பயன்பட்டது. வெளியுறவுக் கொள்கையும் உள்நாட்டு ஜனநாயகமும் சந்திக்கும் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1981 அக்டோபர் 31ஆம் தேதி ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருப்பை விட்டு வெளியேற்றப்படும் கோபம் அந்த வாக்குகளில் இருந்தது. ஜெயரத்தினம் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சங்கானை. வட்டுக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்துப் பக்கத்து ஊரில் பிறந்த இருவர், ஒருவர் நாட்டுக்கு உலகில் இடம் தேடியவர், மற்றவர் மன்றத்தில் மாற்றுக்குரலுக்கு இடம் தேடியவர், 1981 முதல் 1986 வரை ஒரே அவையில் எதிரெதிரே இருந்தார்கள். 1986இல் வழக்கொன்றில் தண்டனை பெற்று ஜெயரத்தினம் தம் இடத்தை இழந்தார். 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்கறிஞர் பட்டியலில் அவர் பெயரை மீண்டும் சேர்த்தது. அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் கருதியது.

அதே 1988 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரக அதிகாரி மேசன் ஹெண்ட்ரிக்சனைச் சிங்கப்பூர் வெளியேற்றியது. முன்னாள் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் பிரான்சிஸ் சியோவைத் தேர்தலில் நிற்கத் தூண்டினார் என்பது புகார். அமெரிக்கா மறுத்தது, பதிலுக்கு ஒரு சிங்கப்பூர் அதிகாரியை வெளியேற்றியது. சியோ 72 நாள் விசாரணையின்றிக் காவலில் இருந்தார். தூதரக அதிகாரிகள் எல்லை மீறுவது சிறு நாடுகளுக்கு உண்மையான ஆபத்து. 1961இலேயே அதைச் சிங்கப்பூர் கண்டது. ஆனால் ஒரு குடிமகன் தேர்தலில் நிற்பதற்கு வெளிநாட்டான் தூண்டுதல் தேவைப்பட்டது என்று அரசாங்கமே நம்பியது எனில், அது குடிமக்களைப் பற்றிய மதிப்பீடும் ஆகிறது. இந்த வேடிக்கையில் இன்னொன்று: சண்டை நடந்த இரண்டே ஆண்டில், 1990 நவம்பரில், அமெரிக்கப் படைகள் சிங்கப்பூர் வசதிகளைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992இல் பிலிப்பீன்சின் சூபிக் விரிகுடாவை விட்டுப் புறப்பட்ட அமெரிக்கக் கடற்படைத் தளவாடப் பிரிவு செம்பாவாங்குக்கே வந்து சேர்ந்தது.

நண்பனுக்கும் அதே தராசா?

ஒரு கொள்கை உண்மையா என்று அறிய, நண்பன் தவறு செய்யும்போது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1983இல் அமெரிக்கா கிரெனடா தீவின் மீது படையெடுத்தபோது, அதற்கு வருத்தம் தெரிவித்த ஐநா தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. வாஷிங்டன் ரசிக்கவில்லை. இதற்காகத் தனபாலனையும் அவரது அமைச்சையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் 1975இல் இந்தோனேசியா கிழக்குத் தீமோருக்குள் நுழைந்தபோது? மற்ற ஆசியான் நாடுகள் இந்தோனேசியாவுடன் நின்றன. சிங்கப்பூர் மட்டும் நடுநிலை வகித்தது. ஜகார்த்தா முகம் சுளித்தது. சில ஆண்டுகளில் சிங்கப்பூரும் மற்ற ஆசியான் நாடுகளின் வரிசையில் போய் நின்றுவிட்டது. பசிபிக்குக்கு அப்பால் இருக்கும் வல்லரசை எதிர்த்து வாக்களிப்பது, படகில் போய் வரும் தூரத்தில் உள்ள பெரிய அண்டை நாட்டை எதிர்ப்பதைவிட எளிது. தீமோர் மக்கள் 1999 வரை காத்திருந்தார்கள்.

கம்போடியாக் கதை 1991 அக்டோபர் 23ஆம் தேதி பாரிஸ் ஒப்பந்தத்தோடு ஒரு வழியாக முடிந்தது. 1995இல் வியட்னாமே ஆசியானில் சேர்ந்தது. 1999இல் கம்போடியாவும் வந்தது. புதுடில்லியுடன் இருந்த கசப்பும் கரைந்தது. 1980இல் அங்கீகாரம் வழங்கிய போது இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்த நரசிம்ம ராவ், 1994 செப்டம்பரில் பிரதமராகச் சிங்கப்பூர் வந்து, இந்தியாவும் ஆசிய பசிபிக்கும் பற்றி உரையாற்றினார். 2005இல் இரு நாடுகளும் விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அந்த உடன்பாடு பின்னாளில் காப்பிக்கடை வாக்குவாதமாகி, இங்கே பிறந்து வளர்ந்த இந்தியர்களும் ஏச்சு வாங்கும் நிலை வந்து, 2021இல் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் விவாதிக்கப்பட்டது. ஓர் அயல்நாட்டு உடன்பாட்டை எதிர்க்கட்சியினர் கொண்டுவந்த தீர்மானத்தின் மேல் மன்றம் விவாதித்தது நல்லதே. 1979இல் அதற்கு வழியில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அந்நியத் தலையீட்டைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. அச்சட்டம் அமைச்சருக்குத் தரும் அதிகாரம் அதிகம் என்ற எதிர்ப்பும் மன்றத்திலேயே பதிவானது.

ராஜரத்தினம் 2006இலும் ஜெயரத்தினம் 2008இலும் காலமானார்கள். ஆனால் இருக்கை விவகாரம் அவர்களோடு போகவில்லை. 2018 நவம்பரில் நொம்பென் சிறப்பு நீதிமன்றம் கியூ சம்பான் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 1981இல் சிங்கப்பூரில் பேச்சு மேசைக்கு அழைத்து உட்கார வைக்கப்பட்ட அதே கியூ சம்பான். 2019இல் பிரதமர் லீ சியன் லூங், தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் பிரேமின் மறைவுக்கு எழுதிய அனுதாபக் குறிப்பில் வியட்னாமின் படையெடுப்பைக் குறிப்பிட்டதும் ஹனோயும் நொம்பென்னும் கொதித்தெழுந்தன. படையெடுப்பு என்ற சொல்லையே கம்போடியப் பிரதமர் ஹுன் சென் ஏற்கவில்லை. அவர் அரசியலுக்குள் வந்ததே அந்தப் படையின் நிழலில்தான்.

2022 மார்ச் 2ஆம் தேதி உக்ரேன் விவகாரம் ஐநாவில் வந்தது. ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்தைச் சிங்கப்பூர் இணைந்து முன்மொழிந்தது. அதோடு நில்லாமல் ரஷ்யா மீது தடைகளும் விதித்தது. விவியன் பாலகிருஷ்ணன் மன்றத்தில் எடுத்து வைத்த வாதத்தில் ராஜரத்தினத்தின் பழைய வாதம் அப்படியே ஒலித்தது. 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 விலகி நின்றன. இந்தியா விலகி நின்றது. வியட்னாமும் விலகி நின்றது. தீர்மானத்தைச் சிங்கப்பூரோடு சேர்ந்து முன்மொழிந்த நாடுகளின் பட்டியலில் ஹுன் சென்னின் கம்போடியா இருந்தது.